சீட்டு புதுச்சேரி... ஸ்டாப்பிங் காரைக்கால்!

என்.ஐ.டி. புதுச்சேரியில சீட் கிடைச்சிருக்கா? கங்கிராட்ஸ்! ஆனா, பேரை நம்பி புதுச்சேரியில இறங்கிடாதீங்க ஃப்ரெண்ட்ஸ். 2010-ல் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரி இருப்பது, காரைக்கால் பக்கம் திருவேட்டக்குடியில். நடுவுல தமிழ்நாட்டையே தாண்டி, 100 கிலோமீட்டருக்கும் மேல போகணும்!

பஸ் ரூட் இதுதான்: கடலூர், சிதம்பரம், சீர்காழி. தரங்கம்பாடி தாண்டினதும் தூங்காதீங்க. காரைக்கால் டவுனுக்கு முன்னாடியே திருவேட்டக்குடி வந்துடும். அங்கே நிற்குமான்னு ஏறும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டுக்கங்க.

நாகூர் வழியா ரயில்ல வந்தா, காரைக்கால்ல இறங்கி மறுபடியும் வடக்கே பஸ் பிடிக்கணும். சனிக்கிழமைன்னா திருநள்ளாறு கூட்டமும் சேர்ந்துக்கும். சர்டிஃபிகேட்டோட போற நாள்ல ரிஸ்க் வேணாம். முதல் நாளே போய்ச் சேர்ந்துடுங்க!