கிடங்குக்குக் கம்பி மூன்று

நம் உறுப்பினர்களில் பலருக்கு முன்னால் கடை. முற்றம் தாண்டிப் பின்னால் சரக்குக் கிடங்கு. கடையின் மெயினிலிருந்து இரண்டே கம்பிகளை இழுத்துக் கிடங்கில் விளக்கும் மெஷினும் ஓட்டுகிறோம். எர்த் எங்கே என்று கேட்டால், "சுவரோரம் ஒரு ராடு அடித்தாயிற்று" என்கிறோம். என் கிடங்கிலும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது.

ஒரு மழைநாளில் மூட்டை இறக்கிய தொழிலாளி, தானியம் சலிக்கும் மெஷினில் கை பட்டு ஷாக் அடித்து விழுந்தார். காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் பிழைத்தார். ஆனால் பியூஸ் போகவில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. என்னை உறுத்தியது அதுதான்.

கணக்கு எளியது. மண்ணும் மின்சாரத்தைத் தடுக்கும். ராடின் தடை 20 ஓம் என்றால், 230 வோல்ட்டில் மண்ணுக்குள் போவது பதினொன்றரை ஆம்பியர்தான். 16 ஆம்பியர் பியூஸ் இதற்கு அசையாது. மனிதனைக் கொல்லவோ ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். கோடையில் மண் காய்ந்தால் தடை இன்னும் கூடும்.

மின்னலின்போது கம்பி வழி வரும் வேகத்தை மண்ணில் இறக்க ராடு உதவும், அது இருக்கட்டும். ஆளைக் காக்க இன்னும் இரண்டு வேண்டும். ஒன்று, கடையின் எர்த்திலிருந்து கிடங்கின் ஒவ்வொரு மெஷினுக்கும் வரும் பச்சைக் கம்பி. மற்றது, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இது நம் கல்லாக் கணக்குப் போன்றது. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் ஒத்துவராவிட்டால், நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டித்துவிடும்.

எர்த்துக்குப் பதில் நியூட்ரலை மெஷின் உடலோடு சேர்த்துவிடும் வழக்கமும் இருக்கிறது. இது பேராபத்து. முற்றத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால் மெஷின் உடல் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும்.

"மழை வந்தால் ஆர்.சி.சி.பி. விழுகிறது, பிரீசர் சரக்குக் கெடுகிறது" என்று அதைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. கிடங்குக்கென்று தனியாக ஒன்று போட்டால் கடைப் பிரீசர் நிற்காது. அடிக்கடி விழுந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடுவதே முறை. காவலனை வெளியேற்றுவது முறையல்ல.

வாடகைக் கிடங்கு என்றால் செலவு யாருடையது என்ற வழக்கிலேயே வேலை நின்றுவிடுகிறது. உரிமையாளரிடம் பேசி வாடகையில் கழித்துக்கொள்ளலாம். அவர் இசையாவிட்டாலும் நாமே செய்வோம். கட்டடம் அவருடையது, அங்கே மூட்டை தூக்குபவர் நம்மை நம்பி வந்தவர்.

உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து எர்த் தடையை அளக்கச் சொல்லுங்கள். மாதம் முதல் தேதி கணக்கு முடிக்கும்போது ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானையும் ஒருமுறை அழுத்துங்கள். சரக்குக்குப் பூட்டுப் போடும் நாம், ஆளுக்கு ஒரு கம்பி போடத் தயங்கலாகாது.