அறிவியல் சாளரம்: ஒரு சாவி திரும்பும் வரை

பிரான்சு நாட்டையும் சுவிட்சர்லாந்தையும் பிரிக்கும் எல்லையில், ஜூரா மலைத்தொடருக்கும் ஜெனீவா ஏரிக்கும் இடையே, வயல்களும் சிற்றூர்களும் நிறைந்த சமவெளி ஒன்று உள்ளது. அம்மண்ணுக்குக் கீழே, சராசரியாக 100 மீட்டர் ஆழத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கப்பாதை ஓடுகிறது என்பதை மேலே நடந்து செல்வோர் உணர்வதற்கில்லை. உலகின் மிகப் பெரிய துகள் முடுக்கி அங்கேதான் அமைந்துள்ளது. 1954-ஆம் ஆண்டில் 12 ஐரோப்பிய நாடுகள் கூடி நிறுவிய 'செர்ன்' என்னும் ஆய்வு நிலையத்துக்கு உரியது இது.

அணுவினும் நுண்ணிய 'ஹிக்ஸ்' துகளைக் கண்டறிந்ததாக 2012 ஜூலை 4-ஆம் நாள் அங்கிருந்து அறிவிப்பு வந்தபோது உலகமே கைதட்டியது. அச்செய்தியைப் படித்தோர் பலர். ஆனால் அந்த எந்திரத்தை நாள்தோறும் பேணி, பழுது பார்த்து, இயக்கியவர் யாவர் என்று கேட்டோர் மிகச் சிலரே. அவர்களைப் பற்றியே இத்திங்கள் சிந்திப்போம்.

எத்தனை உறுப்புகள்!

முதலில் எந்திரத்தின் அமைப்பைச் சுருக்கமாகக் காண்போம். புரோட்டான் என்னும் துகள்களை இரு கற்றைகளாக்கி, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில், ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் சுற்றச் செய்கின்றனர். அவை ஒரு நொடியில் 11,245 முறை அச்சுரங்கத்தைச் சுற்றி வருகின்றன. நான்கு இடங்களில் இக்கற்றைகள் குறுக்கிட்டு மோதுகின்றன. அம்மோதலில் பிறக்கும் புதிய துகள்களைக் கண்டு பதிவு செய்ய, அந்நான்கு இடங்களிலும் மாபெரும் உணர்கருவிகள் நிற்கின்றன. அவற்றுள் 'அட்லஸ்' என்பது 46 மீட்டர் நீளமும் 25 மீட்டர் உயரமும் உடையது. 'சி.எம்.எஸ்.' என்பதன் எடை 14,000 டன்.

நேராக ஓட விரும்பும் துகள்களை வட்டப்பாதையில் வளைப்பதற்கு 1,232 பெருங்காந்தங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், ஏறத்தாழ 35 டன் எடை. இவை திரவ ஹீலியத்தால் சுழியத்துக்குக் கீழே 271.3 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்கப்படுகின்றன. அந்தக் கடுங்குளிரில்தான் காந்தக் கம்பிச் சுருள்கள் மின்னோட்டத்தைச் சிறிதும் தடுக்காமல் கடத்துகின்றன.

இக்காந்தங்களைச் சுமந்து, நுண்ணளவில் நகர்த்தி, உரிய இடத்தில் நிறுத்தும் ஜாக்கிகள் நம் இந்திய நாட்டிலிருந்து சென்றவை என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. இந்தூரிலுள்ள நம் ஆய்வு மையத்தின் பொறுப்பில் ஏறத்தாழ 7,000 ஜாக்கிகள் உருவாக்கி அனுப்பப்பட்டன. ஒவ்வொரு பெருங்காந்தமும் மூன்று ஜாக்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ஹிக்ஸ் துகளைப் பற்றி எழுதியோர் பலரும் அந்த ஜாக்கிகளைப் பற்றி எழுதவில்லை. தாங்கி நிற்பவற்றின் இயல்பே அதுவன்றோ!

ஒருவரையொருவர் கேட்டு நடத்தல்

எந்திரம் இயங்கும் காலங்களில் இரவும் பகலும் முறை வைத்துப் பணியாளர் விழித்திருப்பர். முடுக்கியை இயக்குவோர் பிரான்சுப் பகுதியிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்தில் அமர்ந்திருப்பர். ஒவ்வோர் உணர்கருவிக்கும் தனித்தனியே கட்டுப்பாட்டு அறையும், அதன் ஓட்டத்துக்குப் பொறுப்பான ஒருங்கிணைப்பாளரும் உண்டு. மின்சாரம், குளிரூட்டல், வெற்றிடம், காற்றோட்டம், தீயணைப்பு என ஒவ்வொன்றுக்கும் தனிக் குழுவினர் இருக்கின்றனர்.

இவர்களின் தேவைகள் ஒன்றுக்கொன்று முரணானவை. உணர்கருவியின் ஒரு பகுதி பழுதுற்றால் அதனைச் சீர்செய்யக் கீழே இறங்க வேண்டும். அதற்குக் கற்றை நிற்க வேண்டும். கற்றை நின்றாலோ, மற்ற மூன்று உணர்கருவிகளும் வாளா இருக்க நேரிடும். ஆகவே ஒவ்வொரு குழுவினரும் செய்ய வேண்டிய பழுதுகளின் பட்டியலை ஆயத்தமாக வைத்திருப்பர். ஏதேனும் ஒரு காரணத்தால் எந்திரம் நின்றுவிட்டால், அந்த இடைவேளையிலேயே பிறரும் தத்தம் வேலையை முடித்துக்கொள்வர். யார் முதலில், யார் பின்னர், எவ்வளவு நேரம் என்பதைக் காலைக் கூட்டங்களில் பேசி முடிவு செய்வர். பொறுத்திருப்பதும் விட்டுக்கொடுப்பதும் அங்கே அன்றாடப் பணியின் பகுதிகள்.

இன்னும் ஒரு வழக்கம் நம் கவனத்துக்குரியது. பல மணி நேரம் மோதல்கள் நடந்து கற்றை மெலிந்தபின், அதனை வெளியேற்றிவிட்டுப் புதுக் கற்றையை நிரப்ப வேண்டும். அவ்வாறு வெளியேற்றுமுன் கட்டுப்பாட்டு நிலையம் உணர்கருவிகளின் அறைகளுக்கு முன்னறிவிப்புத் தரும். அங்கிருப்போர் எளிதில் ஊறுபடக்கூடிய உட்பகுதிகளின் மின்னழுத்தத்தைக் குறைத்துவிட்டு, 'ஆயத்தம்' என்று மறுமொழி அனுப்புவர். அம்மறுமொழிகள் வந்த பின்னரே அடுத்த செயல். ஆற்றல் மிக்கவர், நலிவடையக் கூடியவரைக் கேட்டுக்கொண்டு காலடி எடுத்து வைக்கும் ஒழுங்கு இது.

ஆபத்து நேரும்போது மட்டும் எவரையும் கேட்பதில்லை. வடிவமைப்பின்படி நிறைந்த ஒரு கற்றையின் ஆற்றல், 400 டன் எடையுள்ள இரயில் வண்டி மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஆற்றலுக்கு ஒப்பானது. அது வழிதவறினால் எந்திரத்தையே துளைத்துவிடும். எனவே ஏறத்தாழ 4,000 காவற்கருவிகள் சுரங்கம் நெடுகிலும் விழித்திருக்கின்றன. ஒன்று எச்சரித்தாலும் போதும்; மூன்று சுற்றுகளுக்குள், அதாவது ஒரு நொடியின் பதினாயிரத்தில் மூன்று பங்கு நேரத்துக்குள், கற்றை முழுவதும் கிராஃபைட் பாளத்தினுள் பாய்ச்சப்பட்டு அடங்கிவிடும்.

ஓர் இணைப்பின் கதை

2008 செப்டம்பர் 10-ஆம் நாள் முதன்முறையாக இம்முடுக்கியில் கற்றை சுற்றி வந்தது. உலகச் செய்தியாளரெல்லாம் கூடியிருந்து அதனைக் கொண்டாடினர். ஒன்பதே நாட்களுக்குப் பின், செப்டம்பர் 19-ஆம் நாள், பேரிடர் நேர்ந்தது.

இரு காந்தங்களுக்கு இடையே மின்வடங்களைப் பற்றவைத்த இணைப்பு ஒன்று செம்மையாக அமையவில்லை. அதன் மின்தடை, ஓர் ஓமின் நூறு கோடியில் ஏறத்தாழ இருநூறு பங்குதான். நம் வீட்டுக் கம்பிகளில் அதனை யாரும் தடையென்றே கருதமாட்டார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் பாயும் இடத்தில் அச்சிறு குறை சூடேறியது, இணைப்பு உருகியது, மின்பொறி பாய்ந்து ஹீலியம் கலத்தைத் துளைத்தது. வெளிப்பட்ட ஹீலியத்தின் அழுத்தத்தால் பல டன் எடையுள்ள காந்தங்கள் இடம்பெயர்ந்தன. ஏறத்தாழ 6 டன் ஹீலியம் வீணாயிற்று. 53 காந்தங்களை மேலே ஏற்றிச் சீர்செய்யவோ மாற்றவோ வேண்டியதாயிற்று. எந்திரம் மீண்டும் இயங்க 2009 நவம்பர் வரை, ஓர் ஆண்டுக்கு மேல், காத்திருக்க நேர்ந்தது.

அத்தகைய இணைப்புகள் அங்கே 10,000-க்கு மேல் உள்ளன. நன்றாக அமைந்தவற்றை யாரும் நினைத்ததில்லை. சரியில்லாத ஒன்றே அனைத்தையும் நிறுத்தியது. உடலின் ஓர் உறுப்பு துன்புற்றால் உடல் முழுவதும் துன்புறும் என்னும் கருத்தைப் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் விளக்கியிருப்பதை இங்கு எண்ணிப் பார்க்கிறோம்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் போற்றத்தக்கது. நேர்ந்தது என்ன, குறை எங்கே என்பதை மறைக்காமல் அறிக்கையாக வெளியிட்டனர். நுண்ணிய காவற்கருவிகளைப் புதிதாகப் பொருத்தினர். அத்துடன், எல்லா இணைப்புகளையும் வலுப்படுத்தும் வரை எந்திரத்தை முழு ஆற்றலில் ஓட்டுவதில்லை என்று தங்களைத் தாங்களே கட்டுப்படுத்திக்கொண்டனர். 2010-இலும் 2011-இலும் வடிவமைத்த ஆற்றலில் பாதியளவே ஓட்டினர். 2012-இல் பாதியைச் சற்றே கடந்தனர். அன்பர்களே, ஹிக்ஸ் துகள் கண்டறியப்பட்டது அந்த அடக்கமான ஓட்டத்தின்போதுதான்!

ஓய்வும் பணியே

ஆண்டு முழுவதும் ஓடும் எந்திரம் அன்று இது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் பராமரிப்புக்காக அதனை நிறுத்துவர். குளிரால் மக்களுக்கு மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படும் காலமும் அதுவே. ஐரோப்பாவில் எரிசக்தி நெருக்கடி தோன்றிய 2022-ஆம் ஆண்டில், மக்களின் தேவையை எண்ணி, இரண்டு வாரம் முன்னதாகவே, நவம்பர் 28-ஆம் நாள் எந்திரத்தை நிறுத்தினர்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீண்ட ஓய்வும் உண்டு. 2013-இல் தொடங்கி இரண்டாண்டுகள் நீடித்த முதல் நீண்ட ஓய்வில்தான், மேலே கூறிய இணைப்புகள் அனைத்தும் ஒன்றுவிடாமல் வலுப்படுத்தப்பட்டன. 2018 இறுதியில் தொடங்கிய இரண்டாவது ஓய்வு 2022 வரை நீண்டது. மூன்றாவது ஓய்வு 2026-இன் நடுவில் தொடங்கி 2030 வரை நீளுமாறு வகுக்கப்பட்டுள்ளது. சுரங்கத்தின் எட்டுப் பகுதிகளுள் ஒன்றை மட்டும் வெதுவெதுப்பாக்கி மீண்டும் குளிர்விக்கவே வாரக்கணக்கில் ஆகும். அவசரம் என்னும் சொல்லுக்கு அங்கே இடமில்லை.

ஓய்வு முடிந்து எந்திரத்தை எழுப்புவதும் எளிதன்று. இதே சுரங்கத்தில் 1989 முதல் 2000 வரை வேறொரு முடுக்கி இருந்தது. 1996-இல் ஓய்வுக்குப் பின் அதனை இயக்கியபோது துகள்கள் சுற்றிவர மறுத்தன. காரணம் தேடிக் குழாயைத் திறந்து பார்த்தால், உள்ளே இரண்டு வெற்றுப் பீர் புட்டிகள்! கோடிக்கணக்கில் பொருள் செலவிட்டு அமைத்த எந்திரத்தை நிறுத்த, ஒரு மனிதரின் பொறுப்பற்ற செயல் போதுமானதாயிற்று.

மனிதர் கையில் இல்லாத இடையூறுகளும் உண்டு. 2023 ஜூலை 17-ஆம் நாள், எந்திரத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு அப்பால் மரம் ஒன்று மின்கம்பியின் மேல் சாய்ந்தது. அந்த அதிர்ச்சியின் தொடர்விளைவாகச் சில காந்தங்கள் சூடேறி, குழாயொன்றில் 1.6 மில்லிமீட்டர் அளவே உள்ள விரிசல் விழுந்தது. பல வாரங்கள் எந்திரம் நின்றது. அதனைச் சீர்செய்யச் சுரங்கத்தில் இறங்கியவர்களின் பெயர்கள் செய்தித்தாள்களில் வரவில்லை.

சாவிகள் நிறைந்த பெட்டி

இனி, தலைப்பில் சொன்ன சாவிக்கு வருவோம். பழுது பார்க்க ஒருவர் சுரங்கத்துக்குள் செல்ல வேண்டுமானால், முதலில் கட்டுப்பாட்டு நிலையத்தின் இசைவைப் பெற வேண்டும். பின்னர் வாயிலிலுள்ள பெட்டியிலிருந்து தமக்குரிய சாவி ஒன்றை எடுக்க வேண்டும். ஒரே ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய சிறு அறையில், கண்ணைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் கருவி அவரைச் சோதித்து உள்ளே விடும். வேலை முடித்து வெளியே வந்ததும் சாவியை அதே பெட்டியில் திரும்ப வைக்க வேண்டும்.

ஒவ்வொருவரும் தனித்தனியே சாவி எடுத்தாக வேண்டும். தலைமை அறிஞராயினும் சரி, குழாய் பொருத்தும் தொழிலாளியாயினும் சரி, ஒருவருக்கு ஒரு சாவி. பெட்டியில் ஒரு சாவி குறைந்தாலும் கற்றையைச் செலுத்த முடியாது. எந்திரத்தின் காப்பு அமைப்பு அதற்கு இடம் கொடாது. ஆயிரக்கணக்கான அறிஞர்கள் காத்திருக்கலாம்; நான்கு உணர்கருவிகளும் ஆயத்தமாக இருக்கலாம். அந்த ஒருவர் வெளியே வந்து சாவியை வைக்கும் வரை அனைத்தும் பொறுத்திருக்கும். 2008-இல் நேர்ந்த பேரிடரில் ஓர் உயிருக்கும் ஊறு நேராததன் காரணம், அவ்வேளையில் சுரங்கத்தினுள் ஒருவர்கூட இல்லை என்பதே.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனைப் பற்றி நம் ஆண்டவர் உவமை கூறினார். கணக்குப் பார்ப்பவனுக்கு அது இழப்பாகத் தோன்றும். அன்பு கொண்டவனுக்கோ அதுவே கணக்கு. அந்நற்செய்தியை அறிந்தோ அறியாமலோ, அச்சுரங்கத்தின் வாயிலில் அதே கணக்கு நாள்தோறும் பார்க்கப்படுகிறது.

1982 ஜூன் 15-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அந்நிலையத்துக்குச் சென்று அங்குப் பணியாற்றுவோரைச் சந்தித்தார். 2014-இல் புனிதராக உயர்த்தப்பெற்ற அவர், இளமையில் கல் உடைக்கும் சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்தவர். உழைக்கும் கைகளின் அருமையை அவர் அறிந்திருந்தார்.

நம் குடும்பங்களும் பங்குகளும் பல உறுப்புகள் கொண்டவையே. தாங்கி நிற்கும் ஜாக்கிகளைப் போன்றோர் நம்மிடையே இருக்கின்றனர். பெயர் சொல்லப்படாத இணைப்புகளைப் போன்றோரும் இருக்கின்றனர். அவர்களுள் எவரேனும் சில காலமாகச் சூடேறித் துன்புறுவதை நாம் கவனியாமல் இருக்கிறோமா? இன்றிரவு குடும்பச் செபத்துக்கு அமருமுன், நம் வீட்டுப் பெட்டியில் எந்தச் சாவி இன்னும் திரும்பவில்லை என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். அவர் வரும் வரை காத்திருப்பது காலத்தை வீணாக்குவது ஆகாது.