அடை உட்காராத ‘நாட்டுக்கோழி’

நாட்டுக்கோழி என்று நம்பி வாங்கிய குஞ்சுகள் வளர்ந்து முட்டையும் இடுகின்றன. ஆனால் ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை என்று அலுத்துக்கொள்ளும் விவசாயிகள் பலர். இறகின் நிறத்தையும் காலின் மஞ்சளையும் பார்த்து வாங்கியிருப்பார்கள். கோழிக்கு நிறம் தருவது ஒரு சில மரபணுக்கள்தான். எந்தக் கலப்பினத்திலும் அதைக் கொண்டுவந்துவிடலாம். அடை உட்காரும் குணம் அப்படியல்ல. பல மரபணுக்கள் சேர்ந்து தரும் குணம் அது. போய்விட்டால் மீட்பது கடினம்.

வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி. தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியான்மர் பகுதிகளில் வாழும் அதன் கிளையினம் ஒன்றே வீட்டுக்கோழிக்கு மிக நெருக்கமானது என்று 2020-ல் வெளியான மரபணு ஆய்வு கூறியது. கால் மஞ்சள் மட்டும் வேறு வழியில் வந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்த மரபணு அது என்று 2008-ல் கண்டறிந்தார்கள். தீவனத்தில் உள்ள மஞ்சள் நிறமி தோலில் தங்குவதற்கு அந்த மரபணுவே காரணம். முட்டைப் பண்ணையில் நன்றாக முட்டையிடும் கோழியின் கால் வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறமி கருவுக்குப் போய்விடுகிறது. ஆக, மஞ்சள் கால் நாட்டுக்கோழிக்கு மட்டும் உரிய அடையாளம் அல்ல. வெள்ளை லெகார்னுக்கும் மஞ்சள் கால்தான்.

காட்டில் உள்ள பெட்டை, பருவம் பார்த்து ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். மனிதன் வளர்க்கத் தொடங்கிய பின் அந்தப் பருவக் கட்டு தளர்ந்தது. தைராய்டு சுரப்பியோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் மாறிய வடிவம், உலகின் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கோழிகளிடமும் இருப்பதை 2010-ல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நாளின் நீளத்தை அறிந்து பருவத்துக்கு ஏற்ப இனப்பெருக்கம் செய்வதில் பங்குள்ள மரபணு அது. மாறிய வடிவத்தைப் பெற்ற கோழிகளுக்குப் பயமும் சண்டைக் குணமும் குறைவு என்று பின்னர் நடந்த சோதனைகள் தெரிவித்தன.

அடை விஷயம் இதிலிருந்து வேறுபட்டது. முட்டையின் மேல் உட்கார்ந்து, வயிற்றுத் தோலில் முட்டை படப்பட, பெட்டையின் உடலில் புரொலாக்டின் என்ற சுரப்பு கூடுகிறது. அது கூடினால் முட்டையிடுவது நின்றுவிடும். அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பது, கூட்டைவிட்டுப் பிரித்து வைப்பது போன்ற ஊர் வழக்கங்களின் நோக்கம் இந்தச் சுரப்பைக் குறைப்பதுதான். தண்ணீரில் முக்குவதைவிட, முட்டையை எடுத்துவிட்டு வேறு கூண்டில் சில நாள் அடைத்து வைப்பதே மேல், கோழிக்கும் அவதியில்லை.

இப்போது குஞ்சு பொரிப்பான் செய்யும் வேலையைக் கவனியுங்கள். அடைக்கு உட்காராத கோழி தொடர்ந்து முட்டையிடும். பொரிப்பானில் அதன் முட்டைகளே அதிகம் சேரும். குஞ்சுகளும் அதன் வாரிசுகளாகவே இருக்கும். யாரும் திட்டமிடாமலே, தலைமுறைக்குத் தலைமுறை அடைக் குணம் கழிந்துபோகும். வெள்ளை லெகார்னில் இதையே திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று நாமக்கல் பண்ணைகளில் உள்ள அந்த வழி வந்த கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. அடை என்பதையே அறியாது. முட்டைப் பண்ணைக்கு அது சரி. கொல்லையில் பத்துக் கோழி வைத்திருப்பவருக்கு, 21 நாள் மின்சாரச் செலவில்லாமல் பொரித்து, பருந்திடமிருந்தும் காக்கையிடமிருந்தும் குஞ்சைக் காத்து, மேயக் கற்றுத்தரும் தாய்க்கோழிதான் முதலீடு.

பொரிப்பானே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விற்பனைக்கான குஞ்சை அதில் பொரியுங்கள். மந்தையைத் தொடர்வதற்கான குஞ்சை மட்டும், நன்றாக அடைகாத்து அதிகக் குஞ்சுகளைக் காப்பாற்றிய பெட்டைகளின் முட்டையிலிருந்தே எடுங்கள். அந்தக் குஞ்சுகளுக்குக் காலில் வளையமிட்டு அடையாளம் வையுங்கள். சேவலை மறந்துவிடாதீர்கள். அது அடைக்கு உட்காராது. ஆனால் மந்தையில் பிறக்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் பாதி மரபு அதனுடையது. பண்ணையிலிருந்து வந்த பெரிய சேவல் ஒன்றை எடைக்காக விட்டால், சிறுவிடைக் கோழியின் மகள்களிடமே அடைக் குணம் மங்கிவிடக்கூடும். நெருங்கிய உறவுக் கலப்பைத் தவிர்க்க வெளியூர்ச் சேவல் வாங்குவது நல்லதுதான். வாங்கும்போது எடையோடு, அதன் தாய் எத்தனை முறை அடைகாத்தது என்றும் கேளுங்கள்.

அரசுத் திட்டங்களில் குஞ்சு வழங்கும் கால்நடை அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புறக்கடை வளர்ப்புக்கென்று உருவாக்கிய கலப்பினங்கள் முட்டையும் எடையும் கூடுதலாகத் தரும். அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்த இனம் அடைகாக்குமா, அடுத்த தலைமுறைக்கு இதே முட்டைகளைப் பயன்படுத்தலாமா, அல்லது மீண்டும் குஞ்சு வாங்க வேண்டுமா என்பதைக் குஞ்சு கொடுக்கும் அன்றே பயனாளியிடம் சொல்லுங்கள். கொல்லையில் ஏற்கெனவே உள்ள அடைக்கோழிகளை விற்றுவிட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.