மாதேஸ்வரன் கேட்கலை, மாமாதான் கேட்கிறார்!

முதல்லயே சொல்லிடறேன். இது சாமி இல்லைன்னு சொல்ற பதிவு இல்லை. சாமி பேரைச் சொல்லி, முதுகில் ஆபரேஷன் ஆன ஆளை வெறுங்காலோடு மலை ஏறச் சொல்ற சொந்தக்காரங்களைப் பற்றிய பதிவு. அதனால் ஆத்திக நண்பர்கள் அடிக்க வர வேண்டாம், நாத்திக நண்பர்கள் விசில் அடிக்கவும் வேண்டாம் :-)

மேட்டூர், கொளத்தூர், அந்தியூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு மாதேஸ்வரன் மலை வெளி மாநிலக் கோயில் கிடையாது. 1956-ல் மாநில எல்லை மாறும் வரைக்கும் கொள்ளேகால் தாலுகா நம்ம கோயமுத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அப்புறம் மைசூர் மாவட்டம், 1997-ல் இருந்து சாமராஜநகர் மாவட்டம். காகிதத்தில் எல்லை எத்தனை தடவை மாறினாலும், பாலாறு தாண்டி மலைக்குப் போறது நிற்கலை. ஆடு மாடு, வெள்ளாமை, பிள்ளைங்க படிப்பு, துபாய் விசா வரைக்கும் புலி மேல் வர்ற மாதேஸ்வரன்கிட்டதான் மனு.

அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒருத்தருக்கு டிஸ்க் ஆபரேஷன்னா என்ன நடக்கும்? தியேட்டர் வாசல்லயே யாராவது வேண்டிக்குவாங்க. "நல்லபடியா எழுந்து வரட்டும் சாமி, தாளுபெட்டாவில் இருந்து செருப்பு போடாம நடந்து வந்து உன்னைப் பார்க்கட்டும்." கவனிச்சீங்களா? வேண்டிக்கிறது ஒருத்தர், நடக்க வேண்டியது இன்னொருத்தர். நான் வேலை பார்க்கிற தொழிலில் ஒருத்தர் கையெழுத்துப் போட்டு இன்னொருத்தர் தலையில் கடனை எழுதினா அதுக்குப் பேரே வேற.

எனக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி மூணு வருஷம் முடிஞ்சது. கால் முழுக்க மின்சாரம் பாய்ற மாதிரி இருந்த வலி பெரும்பாலும் போயிடுச்சு. மிச்சம் இருக்கிறது இரண்டு. இடது பாதத்தின் வெளி ஓரமும் சுண்டு விரலும் மரத்துப் போயிருக்கு. ராத்திரியில் அதே இடம் மிளகாய் அரைச்ச கை மாதிரி எரியுது. தொட்டா தெரியாது, தொடாம இருந்தா எரியும். இதை ஊருக்கு போனில் விளக்கிச் சொல்லிப் பாருங்க. "ஆபரேஷன்தான் சக்சஸ்னாங்களே?" என்பதுதான் முதல் பதில். இரண்டாவது பதில், "வேண்டுதல் பாக்கி இருக்கில்ல மாப்ளே, அதான்."

இந்த இரண்டு பதிலும் தப்பு. ஏன்னு சொல்றேன்.

விலகின டிஸ்க் நரம்பை நசுக்கும், அதை வெட்டி எடுத்தா கால் வலி குறையும் என்பதை 1934-ல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் கட்டுரையா எழுதினாங்க. அன்றிலிருந்து இன்று வரை ஆபரேஷன் செய்யறது அதைத்தான். நசுக்கிற பொருளை எடுக்கும். நசுங்கின நரம்பை அது மாற்றித் தராது. 2007-ல் நெதர்லாந்தில் 283 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்துகிட்டவங்களுக்கு வலி வேகமா குறைஞ்சது. ஆனா ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, முதலில் காத்திருந்து பார்த்தவங்களும் ஏறக்குறைய அதே நிலையில் இருந்தாங்க (காத்திருந்தவங்களில் 39 சதவீதம் பேர் பிறகு ஆபரேஷன் செய்துகிட்டாங்க என்பதையும் சொல்லிடணும்). ஆபரேஷன் வேகத்தைத் தரும். புது நரம்பைத் தராது.

அறுந்த நரம்பு இழை திரும்ப வளர்ற வேகம் ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர். இடுப்பில் இருந்து சுண்டு விரல் வரைக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர். பி.காம் படிச்சவனுக்குக் கூட இந்தக் கணக்கு வரும். மொத்த நரம்பும் கெட்டிருக்காது, அதனால் பலருக்கு இதைவிட சீக்கிரம் சரியாகும். சிலருக்கு முழுசா சரியாகாமலே போகும். கால் வலி முதலில் போகும், மரமரப்பு கடைசியில் போகும், போகாமலும் இருக்கும். இதை டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டே வரியா தமிழில் எழுதிக் கொடுத்தா எத்தனை வீட்டில் சண்டை மிச்சமாகும்! ஆஸ்பத்திரிக்கு நாம பில் கட்டின அன்னைக்கே கணக்கு முடிஞ்சது. நம்ம காலுக்கு முடியலை.

உலகம் இதை ஒத்துக்கிட்டாச்சு. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில், ஆபரேஷனுக்குப் பிறகு மூணு மாசத்துக்கு மேல் நீடிக்கிற வலிக்கு தனி இடமே இருக்கு. 2020-ல் வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் வலிக்கான விளக்கத்தைத் திருத்தினப்போ, ஒருத்தர் தனக்கு வலிக்குதுன்னு சொன்னா அதை மதிக்கணும்னு சேர்த்தே எழுதினாங்க. ஆனா நம்ம ஊர்ச் சட்டத்தில் இன்னும் வரலை. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கு, நாள்பட்ட வலி என்று ஒரு வகை இல்லை. சட்டத்துக்கே கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மாமாவுக்குப் புரிய வைக்கிறது கஷ்டம்தான்.

இப்ப மலைக்கு வருவோம். மாமா கட்சியின் வாதங்கள் மூன்று.

ஒன்று, "நடந்தா நரம்பு திறந்துக்கும்." பாதி சரி. நடக்கிறது முதுகுக்கு நல்லதுதான். டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் அதைத்தான் சொல்றாங்க. ஆனா அவங்க சொல்றது நல்ல ஷூ போட்டு, சமதரையில், பத்து நிமிஷத்தில் ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா கூட்டுற நடை. நீங்க சொல்றது வெறுங்காலில் காட்டுப் பாதை. அதுவும் சிவராத்திரி, யுகாதின்னா வெயில் ஏறுகிற மாசம். பாறை கொதிக்கும்.

இரண்டு, "வலிதான் இல்லையே, அந்தக் கால்தான் மரத்துப் போச்சே, அப்புறம் என்ன?" இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவே. வலி தெரியாத கால்தான் ரொம்ப ஆபத்தான கால். இதை உலகத்துக்கு நிரூபிச்சுக் காட்டினது நம்ம மண்தான். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்ற டாக்டர், 1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளைப் பார்க்க ஆரம்பிச்சார். அவங்க விரல் தானா அழுகி விழுதுன்னு எல்லாரும் நம்பின காலம். அவர் கூடவே இருந்து கவனிச்சார். உணர்ச்சி இல்லாததால் சூடான பாத்திரத்தை வெறுங்கையில் தூக்கறாங்க, குத்தின முள்ளோடு நாள் முழுக்க நடக்கிறாங்க, அந்தக் காயம்தான் விரலைத் தின்னுதுன்னு கண்டுபிடிச்சார். வைத்தியத்தில் பாதி என்ன தெரியுமா? செருப்பு! மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு. சர்க்கரை நோய்க்காரங்களுக்கு இன்னைக்குக் கொடுக்கிற செருப்பும் அந்த வழியில் வந்ததுதான். உணர்ச்சி இல்லாத காலுக்கு உலகமே செருப்பு மாட்டிக்கிட்டிருக்கும்போது, நாம மட்டும் கழற்றச் சொல்றோம்.

நல்ல காலில் கல் குத்தினா நம்மையறியாமல் காலை மாற்றி வைப்போம். மரத்த கால் மாற்றாது. கொப்புளம் வந்ததே வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் தெரியும். சிலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் பாதத்தைத் தூக்குற பலம் குறைஞ்சிருக்கும். அவங்க கட்டை விரல் படிக்கட்டில் இடறும். இறக்கத்தில் விழுந்தா யார் பொறுப்பு? கூட்டத்தில் உருளு சேவை வேற செய்யச் சொல்ற அத்தைகள் இருக்காங்க. தையல் போட்ட இடுப்பை வைத்துக்கிட்டு உருளணுமாம்!

மூன்று, "எங்க அப்பாரு எழுபது வயசில் ஏறினாரு." ஏறினார், வணங்குறேன். அவர் காலுக்கு உணர்ச்சி இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மலை மேல் கோயில் வாசல் பக்கம் வரைக்கும் பஸ் போகுதுங்க. பஸ்ஸில் வர்றவனை மாதேஸ்வரன் திருப்பி அனுப்பினதா நான் கேள்விப்பட்டதில்லை. வேண்டுதல் நிறைவேறியே ஆகணும்னா, வேண்டிக்கிட்டவங்க நடக்கட்டும். நாங்க பஸ்ஸில் போய் மேலே நின்னு உங்களுக்கு மோர் வாங்கி வைக்கிறோம்.

வெளிநாட்டில் இருக்கிற குடும்பங்களுக்கு இன்னும் மூணு விஷயம். அம்மாக்கள் போனில் சொல்ற வெந்நீர் ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், மரத்த இடத்தில் வேண்டாம். சூடு தெரியாம தோல் வெந்துடும். குளிக்கிற தண்ணியையும் நல்ல கையால் தொட்டுப் பாருங்க. தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்க.

அடுத்தது மாத்திரை. நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெடின் எழுதுவாங்க. மன அழுத்தத்துக்கும் இதே மருந்துதான். கவரைப் படிச்சுட்டு "பையனுக்கு மூளைக் கோளாறு"ன்னு கிளப்பி விடாதீங்க. பிரிகாபலின் எல்லாருக்கும் கேட்காது. 2017-ல் ஆஸ்திரேலியாவில் சயாட்டிகாகாரங்க 209 பேரை வைத்துச் செய்த ஆய்வில், அதுக்கும் வெறும் மாத்திரைக்கும் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை, தலைசுற்றல்தான் அதிகம். கேட்கலைன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க. முக்கியமா, ட்ரமடாலும் பிரிகாபலினும் இங்கே அமீரகத்தில் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள். ஊரில் இருந்து வர்றவங்க பையில் பாசமா நாலு அட்டை கொடுத்து விடாதீங்க. ஏர்போர்ட்டில் பாசத்துக்கு சட்டம் தெரியாது.

கடைசியா ஒன்று, இதில் தமாஷ் இல்லை. தொடை இடுக்கு, ஆசனவாய் சுற்றி புதுசா மரத்துப் போனாலோ, சிறுநீர் வராம நின்னாலோ, காலில் பலம் திடீர்னு குறைஞ்சாலோ, காலையில் பார்த்துக்கலாம்னு படுக்காதீங்க. அன்னைக்கே, அந்த மணியே எமர்ஜென்சி.

மாமாக்களே, உங்க பக்தியை யாரும் குறை சொல்லலை. "இன்னும் எரியுதா மாப்ளே?"ன்னு வாரத்துக்கு ஒரு தடவை கேளுங்க. "எரியுது"ன்னு சொன்னா நம்புங்க. அதுக்கு மலையே ஏற வேண்டாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வங்கிக்காரன். உங்க காலை உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆனா இந்தப் பதிவை உங்க மாமாகிட்ட காட்டுங்க.