முள்ளும் மோட்டார் சைக்கிளும்

"பையன் பெரிய மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டும் என்கிறான். சரி, வாங்கட்டும். ஆனால் வாங்கிய மறுநாளே அதைப் பிரித்து வேறு விதமாக மாற்ற வேண்டும் என்கிறானே, இது என்ன கூத்து?" என்று ஒரு தாயார் இந்தப் பகுதிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். புதுப் புடவையை வாங்கி வந்து கரையை வெட்டியெறிகிறவர்கள் உண்டா?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தல்லாகுளம் பெருமாள் கோயில் பக்கம் நின்றால், அந்தப் பையனின் கோஷ்டியைப் பார்க்கலாம். உயரமான வண்டிகள், குடுகுடுவென்று சப்தமிட்டுக்கொண்டு அழகர்கோயில் ரோட்டில் போகும். முன் சக்கரம் பெரிது. பின் சக்கரம் சிறிது. தார் ரோட்டிலும் போகும். தார் முடிந்து கண்மாய்க் கரை ஆரம்பித்தால் அங்கேயும் போகும். இந்த இரட்டைக் குணம்தான் அதன் பெருமை, அதன் தொல்லைக்கும் காரணம். நத்தம் ரோட்டின் மேல் 2023-இல் திறக்கப்பட்ட 7.3 கிலோமீட்டர் பாலத்தில் போவதற்கு மட்டும் இப்படி ஒரு வண்டி தேவையில்லை. ஸ்கூட்டரே போதும்.

இந்த ஜாதி வண்டியில் நம் ஊர்களில் அதிகமாகக் காணப்படுவது ராயல் என்பீல்டு ஹிமாலயன். பெயரில் இமயமலை இருந்தாலும் பிறந்த இடம் தமிழ்நாடுதான். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியார் இங்கிலாந்திலிருந்த ராயல் என்பீல்டுடன் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் புல்லட் வண்டி செய்யத் தொடங்கினார்கள். எல்லைக் காவலுக்கு ராணுவம் கேட்ட வண்டி அது. பிற்பாடு இங்கிலாந்திலிருந்த தாய்க் கம்பெனி மறைந்தே போயிற்று. இங்கே வந்த குழந்தை மட்டும் வளர்ந்தது. 2016-இல் அதே கம்பெனி 411 சி.சி. ஹிமாலயனை வெளியிட்டது. 2023-இல் 452 சி.சி. கொண்ட புதிய ஹிமாலயன் வந்து, பழையது ஓய்வு பெற்றது. என் வீட்டு வாசலில் நிற்பது அந்தப் பழையது. ஆகையால் நான் சொல்வது முக்கியமாக அதைப் பற்றியே.

அந்த 411 யந்திரத்தில் சிலிண்டரின் குறுக்களவு 78 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 86. அகலத்தைவிட ஓட்டம் நீளம். ஆகவே வேகத்தில் பெயர் வாங்காது. ஆனால் குறைந்த வேகத்தில், மணலிலும் மேட்டிலும், மாட்டு வண்டி இழுப்பதுபோல் நிதானமாக இழுக்கும். குதிரைசக்தி 24 சொச்சம்தான். "இவ்வளவு பெரிய வண்டிக்கு இவ்வளவுதானா?" என்று பையன்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். கண்மாய்க் கரையில் ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்த பிறகு அப்படிச் சொல்கிறவர்கள் குறைவு.

மதுரைச் சுற்றுப்புறத்தில் இந்த வண்டிக்கு முதல் விரோதி பள்ளமும் அல்ல, மேடும் அல்ல. சீமைக் கருவேல முள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து குடியேறிய இந்த மரத்தை அகற்றும்படி 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டும், கண்மாய் தோறும் அது கொலுவிருக்கிறது. உலர்ந்த முள் டயரையும் ட்யூபையும் ஊசிபோல் துளைத்துவிடும். கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு வருவதால் காற்று அங்கே நிற்காது. அதனால்தான் உள்ளே ட்யூப் வைக்கிறார்கள். ட்யூப் கிழிந்தால் காற்று ஒரேயடியாகப் போய்விடும். ட்யூப் இல்லாத டயரிலோ, முள் குத்திய இடத்திலேயே செருகிக்கொண்டு நிற்கும், காற்று மெல்ல மெல்லக் கசியும், வீடு வரலாம். வேகமாகப் போகையில் முன் சக்கரத்தில் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

ஆகவே, "எந்த மாற்றம் முதலில்?" என்று பையன் கேட்டால் என் பதில்: ட்யூப் இல்லாமலே காற்று நிற்கும்படி அமைத்த கம்பிச் சக்கரம். புதிய ஹிமாலயனுக்குக் கம்பெனியே 2024-இல் இதைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. பழைய வண்டிக்காரர்கள் ஒரு ட்யூபும், டயர் கழற்றும் இரண்டு நெம்புகோலும், ஒரு கைப்பம்பும் எடுத்துப் போக வேண்டும். மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் எனக்கு முள் குத்தியபோது, அடுத்த ஊர்ப் பஞ்சர்க் கடையில் 21 அங்குல ட்யூப் என்ற சொல்லையே புதிதாகக் கேட்பதுபோல் பார்த்தார்கள். நல்லவேளையாக என் பையில் ஒன்று இருந்தது. எடுத்துப் போவது முன் சக்கரத்து ட்யூபாக இருக்கட்டும். அவசரத்துக்கு அதைப் பின் சக்கரத்தில் மடித்துத் திணித்து மெதுவாக வீடு சேரலாம். பின் சக்கரத்து ட்யூப் முன்னால் உதவாது.

இரண்டாவது விரோதி தூசி. செம்மண் தடத்தில் நாலு வண்டிகள் வரிசையாகப் போனால், கடைசி வண்டிக்காரர் வீடு திரும்பும்போது அவருடைய மனைவிக்கே அடையாளம் தெரியாது. அந்தத் தூசியைத்தான் யந்திரமும் மூச்சாக இழுக்கிறது. ஏர் பில்டர் அடைத்துக்கொண்டால் இழுப்புக் குறையும், பெட்ரோல் அதிகம் செலவாகும். அது போகட்டும், பில்டரை மாற்றினால் தீர்ந்துவிடும். பையன்கள் செய்வது வேறு. கம்பெனிப் பில்டர்ப் பெட்டியையே கழற்றியெறிந்து, பளபளவென்று கூம்பு வடிவில் ஒன்றை மாட்டுகிறார்கள். சப்தம் கம்பீரமாக இருக்கிறதாம். வடிகட்டாத பொடி மணல் சிலிண்டருக்குள் போய், பிஸ்டன் வளையங்களை உப்புத்தாள்போல் தேய்த்துவிடுகிறது. பிறகு வண்டி நீலப் புகை விடும். அந்தக் கம்பீரத்துக்கு யந்திரத்தையே விலையாகக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

செயினைப் பற்றி ஒரு வார்த்தை. மேடுபள்ளத்துக்காக இந்த வண்டியின் பின் சக்கரம் 180 மில்லிமீட்டர் மேலும் கீழும் ஆடும்படி வைத்திருக்கிறார்கள். ஆள் ஏறி உட்கார்ந்ததும் செயின் இறுகும். இது தெரியாமல், தொளதொளவென்று இருக்கிறதே என்று வெறும் வண்டியில் வைத்து விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டால், ஒரு பள்ளத்தில் விழும்போது செயினும் பல்சக்கரமும் தாங்கமுடியாத பாரத்தைத் தாங்க வேண்டி வரும். புத்தகத்தில் சொன்ன தளர்ச்சியை விட்டுவைப்பது நல்லது. சக்கரக் கம்பிகளையும் மாதமொரு முறை சாவியால் தட்டிப் பார்க்கலாம். இறுகிய கம்பி வீணைத் தந்திபோல் 'டிங்' என்னும். தளர்ந்தது 'டப்' என்னும். சங்கீத ஞானம் வேண்டியதில்லை, காது இருந்தால் போதும். பிரேக் பிடிக்கும்போது முன்னால் 'கடக்' என்று கேட்டால் கோன் செட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில், காற்றினாலும் எண்ணெயினாலும் மட்டுமே குளிரும் 411 யந்திரத்துக்கு எண்ணெய்தான் உயிர். வண்டியை நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்திக் கண்ணாடி வழியே அளவு பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது.

மாற்றம் என்றாலே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஜப்பானியரின் கவாசாகி கம்பெனி 1987-இல் கே.எல்.ஆர். 650 என்றொரு வண்டி கொண்டுவந்தது. அதன் யந்திரத்துக்குள் அதிர்வைச் சமன்படுத்தும் செயின் ஒன்று உண்டு. அந்தச் செயினைச் சரிக்கட்டும் சின்ன நெம்புகோல் ஒடிந்துபோவது வழக்கமாயிற்று. அமெரிக்கச் சவாரிக்காரர்கள் அதற்கு 'டூஹிக்கி' என்று பெயர் வைத்தார்கள். 'அந்த என்னமோ ஒண்ணு' என்று நாம் சொல்வதற்குச் சமானம். அதற்குப் பதிலாகக் கெட்டியான ஒன்றைச் செய்து மாட்டிக்கொண்டார்கள். வண்டியின் பலவீனம் எங்கே என்று தெரிந்து, அந்த இடத்தை மட்டும் பலப்படுத்தினார்கள். நம் பிள்ளைகளின் மாற்றங்களில் பத்துக்கு எட்டு இப்படியல்ல. கிட்டத்தட்ட 200 கிலோ எடையுள்ள வண்டியில் இரும்புக் கம்பிக் கூடு, மூன்று இரும்புப் பெட்டி, நாலு விளக்கு என்று ஏற்றுகிறார்கள். பாரம் உயரத்திலும் பின்னாலும் சேரச்சேர, முன் சக்கரம் மணலில் பிடிப்பிழந்து நீந்தும்; பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்கும் தூரமும் நீளும். விளக்குகளையோ, எதிரே சைக்கிளில் வருகிற பால்காரரிடம் கேட்க வேண்டும். அவருக்குக் கண்ணே தெரிவதில்லை.

சைலென்ஸரை மாற்றுகிறவர்களுக்குச் சட்டமும் காத்திருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்பது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019-ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அதே வருஷத்துத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்துவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர்கள் வாதாடவும் இடம் கிடைக்கும். கோரிப்பாளையத்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளியின் சாபம் தனிக் கணக்கு.

இன்னொன்று. வண்டி ஏறும் என்பதற்காக அரிட்டாபட்டிப் பாறைமேல் ஏற்ற வேண்டாம். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அடிவாரத்தில் நிறுத்திவிட்டு நடப்பதற்குக் கால்கள் இருக்கின்றன.

அந்தத் தாயார் பையனிடம் ஒரே ஒரு பரீட்சை வைக்கலாம்: வண்டி கீழே விழுந்தால் தனியாக நிமிர்த்தத் தெரியுமா? யந்திரத்தை நிறுத்தி, கியரில் போட வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் பக்க ஸ்டாண்டை நீட்டிவிட வேண்டும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, ஸீட்டில் இடுப்பை அணைத்துக் குந்த வேண்டும். ஒரு கை ஹாண்டில் பாரின் தாழ்ந்த முனையிலும், மறு கை பின் கம்பியிலும் இருக்கட்டும். முதுகை வளைக்காமல், தொடையின் பலத்தால் எழுந்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்தால் வண்டி நிமிரும். கடையில் பணம் கட்டுவதற்கு முன்பு, தெரிந்தவர் வண்டி ஒன்றை மணலில் மெதுவாகச் சாய்த்து, இரண்டு முறை செய்து பார்க்கட்டும்.