முதியோர் இல்லத்தில் அப்பா, அம்மாவை சேர்க்கப் போறீங்களா? ராத்திரி டூட்டியில் எத்தனை பேர்னு முதல்ல கேளுங்க!

ஸ்ரீமுஷ்ணம்:-

ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோவில் சுற்றுவட்டார கிராமங்களில் பல வீடுகளில் வயசானவங்க மட்டும்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று பிழைப்பு தேடி போய்விட்டார்கள். வீட்டில் இருக்கும் பெரியவர் வழுக்கி விழுந்து படுத்த படுக்கையாகி விட்டால் அப்போதுதான் முதியோர் இல்லம் தேடி அலைகிறார்கள். "மாசம் எவ்வளவு?" என்பது முதல் கேள்வி. "பாத்ரூம் சுத்தமா இருக்கா?" என்பது அடுத்த கேள்வி. அதோடு அட்வான்ஸ் கட்டிவிட்டு பஸ் ஏறி விடுகிறார்கள்.

இது போதாது என்பதை பக்கத்து விழுப்புரம் மாவட்டமே காட்டிவிட்டது. விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் இருந்த அன்புஜோதி ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரை காணவில்லை என்று அவருக்கு வேண்டியவர்கள் ஐகோர்ட்டுக்கு போனார்கள். அதன் பிறகுதான் 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே நுழைந்தனர். உரிய அனுமதி இல்லாமலே பல வருடமாக ஆசிரமம் நடந்தது தெரியவந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டனர். அடி, உதை, பாலியல் தொல்லை என்று புகார்கள் கிளம்பவே வழக்கு சி.பி.சி.ஐ.டி. போலீசுக்கு மாறியது. அதுவரை வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு அது ஒரு ஆசிரமம். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் நர்சிங் ஹோம் என்றால் தனியார் ஆஸ்பத்திரி. அங்கே அது படுக்கையான முதியவர்களை பராமரிக்கும் இல்லம். 2008 டிசம்பர் முதல் ஒவ்வொரு இல்லத்துக்கும் 1 முதல் 5 ஸ்டார் வரை அரசே கொடுத்து இன்டர்நெட்டில் போடுகிறது. திடீர் ஆய்வில் என்ன கண்டார்கள், எத்தனை ஊழியர் இருக்கிறார்கள், படுக்கைப்புண், கீழே விழுவது, மயக்கி வைக்கும் மனநோய் மாத்திரை எல்லாம் எந்த அளவு என்று 3 விஷயங்களை வைத்து கணக்கு போடுகிறார்கள்.

அதிலும் தில்லுமுல்லு நடக்காமல் இல்லை. முதலில் ஊழியர் எண்ணிக்கையை இல்லத்துக்காரர்களே எழுதிக் கொடுத்தார்கள். கேட்க வேண்டுமா? கூட்டிச் சொல்வதாக புகார் வந்தது. இதையடுத்து 2018 முதல் சம்பள பட்டியலை வைத்துத்தான் ஸ்டார். 2022-ல் இருந்து சனி, ஞாயிறில் எத்தனை பேர் வருகிறார்கள், வருஷத்துக்கு எத்தனை பேர் வேலையை விட்டு ஓடுகிறார்கள் என்பதையும் சேர்த்துவிட்டார்கள்.

நம் நாட்டில் ஸ்டாரும் கிடையாது, பட்டியலும் கிடையாது. 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டம் மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, 150 பேர் தங்கும் அளவில் அரசு அமைக்கலாம் என்கிறது. 'அமைக்கலாம்' என்றுதான் இருக்கிறது, 'அமைக்க வேண்டும்' என்று இல்லை. தனியார் இல்லங்களை பதிவு செய்து குறைந்தபட்ச தரம் வைக்க 2019 டிசம்பரில் மசோதா வந்தது. நிறைவேறாமலே 2024-ல் மக்களவையோடு சேர்ந்து காலாவதியானது.

ஆகவே ஸ்டார் போடும் வேலை பிள்ளைகள் தலையில்தான். சுவரில் மாட்டிய பதிவு சான்றிதழில் தேதி முடிந்துவிட்டதா என்று பார்ப்பது சுலபம். ஆள் கணக்குதான் முக்கியம். 30 முதியவர் இருக்கும் இல்லத்தில் 6 ஊழியர் என்றால் கேட்க நல்லாத்தான் இருக்கும். 3 ஷிப்டாக பிரித்தால் ஷிப்டுக்கு 2 பேர். ஒருத்தர் லீவு போட்டால் ராத்திரி முழுக்க 30 பேருக்கு ஒரே ஆள். படுக்கையில் இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போடாவிட்டால் புண் வந்துவிடும். புரட்ட ஒருத்தரால் முடியாது, 2 பேர் வேணும். மீதி 29 பேரை யார் பார்ப்பது?

இதை மேனேஜர் ரூமில் உட்கார்ந்து கேட்டால் பதில் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு சொல்லாமல் போய் நிற்க வேண்டும். உள்ளே விட மறுத்தால் அதுவே ஒரு பதில். விட்டால் அங்கிருக்கும் ஆயாவிடம், "நீங்க இங்க வந்து எத்தனை மாசமாச்சும்மா?" என்று பேச்சு கொடுத்துப் பாருங்கள். எல்லோரும் போன மாசம் சேர்ந்தவங்க என்றால் எந்த தாத்தாவுக்கு என்ன மாத்திரை என்பது யாருக்குமே தெரியாது. பகலில் எல்லா முதியவரும் அசையாமல் தூங்கிக் கொண்டிருந்தாலும் என்ன மாத்திரை தருகிறார்கள் என்று விசாரிப்பது நல்லது.

சேர்த்த பிறகு சந்தேகம் வந்தால் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். முதியோர் உதவி எண் 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை, காசு கிடையாது.