விபத்தில் காயமுற்ற தொழிலாளியும் கிராமத்தார் கடமையும்

ஸ்ரீபெரும்பூதூர், ஒரகடம் பிரதேசம் நெடுங்காலம் ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைவித்த பூமியாகும். 1998-ஆம் வருஷத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனியார் மோட்டார் கார் உற்பத்தியைத் தொடங்கினர். ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸ்ஸான் கார்த் தொழிற்சாலையும், 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பெற்றன. இவற்றைச் சார்ந்து உதிரி பாகங்கள் செய்யும் பட்டறைகள் பல ஏற்பட்டுள்ளன. சுற்று வட்டாரத்திலிருந்து மட்டுமன்றி, திருவண்ணாமலை, விழுப்புரம் ஜில்லாக்களினின்றும் குடியானவர்களின் பிள்ளைகளும் பெண்களும் அங்கே வேலைக்குச் செல்கின்றனர். ஒரு மகன் கழனியிலும் மற்றொரு மகன் ஷிப்டு வேலையிலும் இருக்கும் குடும்பங்கள் இன்று அநேகம். ஆதலின், தொழிற்சாலையில் நேரும் விபத்தைப் பட்டணத்துச் சங்கதி என்று விவசாயிகள் ஒதுக்கிவிடுவது பொருந்தாது.

உலோகத் தகடுகளை அழுத்தி உருவாக்கும் பவர் பிரஸ் என்ற யந்திரம் கைவிரல்களுக்குப் பெரும் பகையானது. இரண்டு கைகளாலும் பொத்தான்களை அழுத்தினாலன்றி இயங்காத அமைப்பும், கை உள்ளே இருக்கையில் யந்திரத்தை நிறுத்தும் ஒளித்தடுப்பும் பழுதின்றி இருந்தால் இவ்விபத்துக்களில் பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம். உற்பத்தி வேகத்தை முன்னிட்டு இவை கழற்றி வைக்கப்படும்போது விரல்கள் போகின்றன. ஹரியானாவில் குருகிராம், மானேஸர் பகுதித் தொழிலாளரிடையே வேலை செய்துவரும் ஸேஃப் இன் இந்தியா என்னும் ஸ்தாபனம் 2019 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகளும் இந்த யந்திரத்தையே முக்கிய காரணமாகக் குறிக்கின்றன. விபத்தைத் தடுப்பதே முதற் கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் விபத்து நேர்ந்த பிறகு செய்யவேண்டியது ஒன்று உண்டு. அது இந்நாட்டில் பெரிதும் கவனிக்கப்படாமலே இருந்துவருகிறது.

நஷ்டஈட்டுக்கு நம் தேசத்தில் சட்டம் இல்லாமலில்லை. 1923-ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும், 1948-ல் ஈ.எஸ்.ஐ. என வழங்கும் அரசாங்க இன்ஷூரன்ஸ் சட்டமும் இயற்றப்பட்டன. இவ்விரண்டும் 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடக்கப்பெற்று, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. ஈ.எஸ்.ஐ. திட்டப்படி, வேலையில் காயமுற்றவன் குணமாகும் வரையில் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் பெறுகிறான். ஊனம் நிலைத்துவிடின், சம்பாதிக்கும் சக்தியில் ஏற்பட்ட குறைவுக்குத் தக்கபடி ஆயுள் முழுவதும் உபகாரத் தொகை உண்டு. கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 என்று அட்டவணை விதித்திருக்கிறது.

இத்தொகை எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்தல் நலம். தினம் 600 ரூபாய் சராசரிக் கூலி பெற்றவன் ஆள்காட்டி விரலை முழுதும் இழந்தால், 540 ரூபாயில் 14 சதவீதமாகிய 75 ரூபாய் 60 காசு தினமும் கிடைக்கும். மாதத்திற்கு 2,268 ரூபாய். அவனோ மாதம் 26 நாள் வேலை செய்து 15,600 ரூபாய் சம்பாதித்தவன். ஆகவே குடும்பத்திற்கு நேரும் பெரிய நஷ்டம் விரல் போனதனால் அன்று, வேலை போனதனாலேயே உண்டாகிறது. விரல் ஒரு கணத்தில் போய்விடுகிறது. வேலையோ, பின்வரும் இரண்டு மூன்று மாதங்களில், ஒருவரும் கவனியாதிருக்கையில், சிறிது சிறிதாகக் கைநழுவிப் போகிறது.

அது எவ்வாறு நேர்கிறது என்பதும் யோசிக்கத்தக்கது. வைத்தியர் புண்ணை ஆற்றுகிறார். அந்தத் தொழிலாளி எந்த யந்திரத்தில் எவ்வகை வேலை செய்தான் என்பது அவருக்குத் தெரியாது. தொழிற்சாலை மானேஜருக்கு அவன் எப்பொழுது, எவ்வளவு வேலைக்குத் தகுதியாவான் என்பது தெரியாது. அவ்விடத்தில் வேறொருவரை நியமித்துவிடுகிறார். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவனாயின், ஒப்பந்தம் முடிந்ததென்ற ஒரு சொல்லோடு காரியம் தீர்ந்துவிடுகிறது. தொழிலாளியோ, கட்டுப்போட்ட கையுடன் கிராமத்தில் உட்கார்ந்து, கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறான். மூவருக்கும் கெட்ட எண்ணம் இல்லாதபோதும், மூவரையும் இணைப்பார் இல்லாமையால் வேலை போய்விடுகிறது.

பிற தேசங்களில் இக்குறையை நீக்க வழி செய்திருக்கின்றனர். ஜெர்மனியில், 12 மாதங்களுக்குள் 6 வாரங்களுக்கு மேல் வேலைக்கு வரமுடியாமற் போனவரை அழைத்து, அவர் திரும்பி வருவதற்கான வழிவகைகளை அவருடன் கலந்து ஆராய வேண்டுமென்று 2004 முதல் முதலாளிகளுக்குச் சட்டம் விதித்திருக்கிறது. நம்மவர் பலர் குடியேறியுள்ள மலேசியாவில், சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு ஸ்தாபனத்தார் 2007-ல் வேலைக்குத் திரும்பும் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். காயமுற்றவர் ஒவ்வொருவர் விஷயத்தையும் ஓர் உத்தியோகஸ்தர் ஏற்று, வைத்தியர், முதலாளி, தொழிலாளி ஆகிய மூவரிடமும் பேசி முடிவு செய்விக்கிறார். மலாக்காவில் 2014-ல் இதற்கெனப் பெரிய பயிற்சி நிலையமும் திறக்கப்பட்டது.

இவ்வேற்பாடு ஸ்ரீபெரும்பூதூர், ஒரகடம் பிரதேசத்திற்கு இன்றியமையாதது. ஒவ்வொரு தொழிற்சாலையிலும் தொடர்பு உத்தியோகஸ்தர் ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும். அவர் விபத்து நேர்ந்த முதல் வாரத்திலேயே தொழிலாளியைக் கண்டு, அவன் வேலை அவனுக்காக இருக்கிறதென்று தெரிவிக்க வேண்டும். அவன் செய்துவந்த வேலையின் விவரத்தை வைத்தியருக்கு எழுதியனுப்பி, எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்யலாகாது என்று குறிப்புப் பெறவேண்டும். பின்னர், உதிரிகளைப் பரிசோதித்தல், கிடங்குக் கணக்கு வைத்தல் போன்ற தக்க வேலையைத் தேடிக் கொடுக்க வேண்டும். சிறு பட்டறைக்காரர்களுக்கு இச்செலவு தாங்காது என்பர் சிலர். தனித்தனியே தாங்காதென்பது மெய்யே. சிப்காட் வளாகம் ஒன்றிலுள்ள பட்டறைகள் பல சேர்ந்து ஒருவரை நியமித்துக்கொள்வதில் தடையொன்றுமில்லை. பழகிய தொழிலாளியை இழந்து புதியவனைப் பயிற்றுவிக்கும் செலவையும் அவர்கள் இதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.

சட்டத்திலும் திருத்தம் வேண்டும். 1948-ஆம் வருஷத்துச் சட்டம், கூலி பெற்று வேலை செய்யும் நாளுக்குத் தற்காலிக ஊன உதவித்தொகை இல்லையென்று விதித்தது. முழு ஓய்வு அல்லது முழு வேலை என்ற இரண்டே நிலைகளை அது அறிந்திருந்தது. முதல் இரண்டு வாரம் அரை நாள் வேலை செய்து படிப்படியாகத் தேறுவதற்கு இடமிருக்க வேண்டும். மேலும், சர்க்கார் ஊழியர் வேலையிலிருக்கையில் ஊனமுற்றால் அவரை விலக்கலாகாது, அதே சம்பள விகிதமுள்ள வேறு வேலைக்கு மாற்ற வேண்டுமென்று 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு கூறுகிறது. தனியார் தொழிற்சாலையில் விரலிழந்தவனுக்கு அப்பிரிவில் பாதுகாப்பு இல்லை. இந்த வேற்றுமைக்கு நியாயம் காண்பது அரிது.

இனிக் கிராமத்தார் கடமையைக் கூறவேண்டும். காயத்துடன் வந்த மகனைப் பார்த்து, "இனி அந்த வேலையே வேண்டாம், உள்ள நிலத்தைப் பார்த்துக்கொண்டிரு" என்று பெரியவர்கள் கூறுவது வழக்கம். அன்பினால் கூறுவதாயினும் இது அவனுக்கு நன்மையன்று. 2015-16-ஆம் வருஷத்து விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர், அதாவது சுமார் 1 ஏக்கர் 85 சென்டே. அண்ணனும் தகப்பனும் முன்னமே உழுதுவரும் இவ்வளவு நிலம் மற்றொருவனுக்குச் சோறு போடாது. அன்றியும், மண்வெட்டி பிடிக்கவும், நாற்றுப் பறிக்கவும், கதிர் அறுக்கவும் விரல்கள் வேண்டும். பரிசோதனை மேஜையில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு அவ்வளவு வேண்டா. மீண்டும் வேலைக்குப் போனால் ஆயுள் உபகாரத் தொகை நின்றுவிடுமென்ற பயமும் கிராமங்களில் இருக்கலாம். நிலைத்த ஊனத்துக்குரிய அத்தொகை வேலைக்குத் திரும்புவதனால் நிற்பதில்லை.

கிராம நிர்வாக உத்தியோகஸ்தரும் பஞ்சாயத்துத் தலைவரும் செய்யக்கூடியன பல. விபத்துப் புத்தகத்தில் பதிவாயிற்றா என்று விசாரித்தல், ஈ.எஸ்.ஐ. அட்டையையும் சிகிச்சைச் சீட்டுக்களையும் பத்திரப்படுத்தச் சொல்லுதல், ஒப்பந்தக்காரர் பெயரையும் தொழிற்சாலையின் பெயரையும் குறித்து வைத்தல், வேலைக்குத் திரும்பச் சித்தமாயிருப்பதாக மானேஜருக்கு எழுத்து மூலம் மனுச் செய்யத் துணைபுரிதல் ஆகியவை அதிகச் சிரமமில்லாதவை. வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும், வேலையின் சம்பந்தமாக நேரும் விபத்தையும் வேலையில் நேர்ந்ததாகக் கொள்ளச் சட்டம் இடந்தருகிறதென்பதைக் கிராமத்தார் பலருக்கு எடுத்துச்சொல்ல வேண்டும்.

இறுதியாக, நிலச்சுவான்தார்கள் தாங்களும் முதலாளிகளே என்பதை மறக்கலாகாது. ட்ராக்டரும், மின்சாரம் முதலிய சக்தியால் இயங்கும் சாதனங்களும் கொண்டு பயிரிடும் இடங்களில் வேலை செய்வோரை நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை சேர்த்திருக்கிறது. கதிரடிக்கும் யந்திரங்களில் கை போவது அதிகமாகியதால் 1983-ல் அபாயகர யந்திரங்கள் சட்டமும் இயற்றப்பட்டது. களத்தில் கை நசுங்கிய ஆளுக்குச் சிறிது பணம் கொடுத்தனுப்பிவிட்டு, அடுத்த பருவத்தில் வேறொருவனை அழைக்கும் மிராசுதாரர், தம் மகனைத் தொழிற்சாலை கைவிட்டதென்று முறையிட இடமேது? நீர் பாய்ச்சுதல், விதை நெல் காவல், களஞ்சியக் கணக்கு என்று அவ்வாளால் இயன்ற வேலையைக் கொடுத்து வைத்துக்கொள்வாராயின், தொழிற்சாலை முதலாளியிடம் அதையே கேட்பதற்கு உரிமை பெறுவார். கையில் ஒரு விரல் குறைந்தவனை வேலைக்கே உதவாதவன் என்று தள்ளும் வழக்கம் ஆலையிலும் களத்திலும் ஒருங்கே ஒழிய வேண்டும். அதற்கான முதல் முயற்சி கிராமத்திலிருந்தே தொடங்குவதாக.